மூடிய கதவும் காண்போர் கடனும்

துன்பத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக் கொள்வது மென்மையா, கோழைமையா? இவ்வினா நேற்று இன்று எழுந்ததன்று. கூத்தும் நாடகமும் தோன்றிய நாள்முதல் மாந்தரிடையே எழுந்து கொண்டே இருப்பதாகும். ஆயினும், நாடகம் அரங்கை விட்டு வீட்டுக் கூடத்துள் புகுந்து, ஒரு விசையை அழுத்தினால் தோன்றவும் மறு விசையை அழுத்தினால் மறையவுமான இக்காலத்தில், அவ்வினா முன்னினும் கூர்மை பெற்றுள்ளது. அரங்கில் அமர்ந்தவன் பாதியில் எழுந்துபோக நாணுவான். வீட்டில் அமர்ந்தவனுக்கு அந்நாணமும் இல்லை. விரலைச் சற்றே அசைத்தால் போதும். துன்புறுவோன் துடைத்தெறியப்பட்டு, பாடுவோனோ பந்தாடுவோனோ அவ்விடத்தில் வந்து நிற்பான்.

2018ஆம் ஆண்டு மே திங்களில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஒளிபரப்பான ‘பேட்ரிக் மெல்ரோசு’ என்னும் ஐந்து பகுதித் தொலைக்காட்சி நாடகம் இவ்வினாவை மிக வன்மையாக எழுப்பிற்று. எட்வர்டு செயின்ட் ஆபின் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1992ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலத்தில் எழுதி முடித்த ஐந்து புதினங்களே அதற்கு முதனூல்கள். ஒரு புதினத்துக்கு ஒரு பகுதியென அவற்றை நாடகமாக்கி எழுதியவர் தேவிடு நிக்கல்சு; இயக்கியவர் எட்வர்டு பெர்கர்; தலைமைக் கதைமாந்தனாக நடித்தவர் பெனடிக்டு கம்பர்பாட்சு. 2019ஆம் ஆண்டில் பிரித்தானியத் திரைக்கலைக் கழகம் இதனைச் சிறந்த குறுந்தொடர் என்றும், கம்பர்பாட்சைச் சிறந்த நடிகர் என்றும் தேர்ந்து பரிசளித்தது. அறிஞர் கழகம் பாராட்டிற்று. ஆயின் கண்டோர் அனைவரும் ஒரு திறத்தவராக நின்றிலர்.

கதையைச் சுருங்கக் கூறின் இது: 1982ஆம் ஆண்டு. இலண்டனில் வாழும் இளைஞன் ஒருவனுக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி வருகின்றது. அவன் தந்தை நியூயார்க்கில் இறந்துவிட்டார். அவன் தள்ளாடுகின்றான், குனிகின்றான், சொல் எழாமல் தடுமாறுகின்றான். தந்தையை இழந்த துயரம் என்றே காண்போர் கருதுவர். ஆனால் அவன் குனிந்தது கீழே விழுந்த ஊசியை எடுப்பதற்காக. அப்பொழுதுதான் எரோயினை உடலில் ஏற்றியிருக்கின்றான். தந்தையின் சாம்பலைப் பெற்றுவரக் கடல்கடந்து செல்லும் அவன், அப்பெருநகரில் கழிக்கும் சின்னாட்களில் எரோயின், கொக்கெயின், மது, மாத்திரை என ஒன்றன்மேல் ஒன்றாக உடலுள் திணித்துச் சாவின் வாயில்வரை போய் மீள்கின்றான். இது முதற்பகுதி.

இரண்டாம் பகுதி பதினைந்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கின்றது. தென்பிரான்சில் ஒரு வேனில்கால வீடு. அங்கே ஒரு சிறுவன். குடியில் மூழ்கிய செல்வத் தாய். மருத்துவம் பயின்றவனும் இசையறிந்தவனும் ஆன ஒரு தந்தை. அத்தந்தை தன் மகனைத் தானே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்குகின்றான். முதற்பகுதியில் ஊசியைத் தேடித் திரிந்தவன் எதிலிருந்து ஓடிக்கொண்டிருந்தான் என்பது அப்பொழுதுதான் விளங்குகின்றது. எஞ்சிய மூன்று பகுதிகளும், அவன் அவ்வூசியை விட்டும், பின்னர் மதுவில் வீழ்ந்தும், அதிலிருந்தும் எழுந்தும், இறுதியாகத் தன் தாயின் இறுதிக்கடன் நாளில் தன் வாழ்வைத் தானே நேர்நின்று நோக்கும் வரை நடைபெறுகின்றன.

இது வெறும் புனைவன்று. ஐந்து அகவை முதல் எட்டு அகவை வரை தம் தந்தையாலேயே இக்கொடுமைக்கு ஆளானதையும், இளமையிலேயே எரோயினுக்கு அடிமையானதையும், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றதையும் செயின்ட் ஆபின் வெளிப்படையாகவே கூறியுள்ளார். தாம் பட்டதை ஒருவர் எழுத, அதனை மற்றொருவர் நாடகமாக்க, பிறிதொருவர் நடிக்க, அது மக்கள்முன் வந்து நின்றது.

வந்து நின்றபொழுது மக்கள் என் செய்தனர்? அவர்களை நால்வகையினராகப் பகுத்துக் காணலாம். இத்துணை இருளை ஏன் காட்டவேண்டும் என்று வெறுத்தோர் ஒருவகையினர். மாளிகையில் பிறந்து பொருள்மிகை பெற்று வளர்ந்தவனுக்கு இரங்குவதற்கு என்ன இருக்கின்றது என்று உதறியோர் இரண்டாம் வகையினர். புகழ்மிக்க நடிகர் ஒருவர் மயக்கத்தில் உருண்டு புரளும் திறத்தைக் கண்டு நகைத்து மகிழ்ந்தோர் மூன்றாம் வகையினர். தம் வாழ்வையே அதில் கண்டு வாயடைத்து அமர்ந்தோர் நான்காம் வகையினர். இந்நால்வர் கூற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து எடைபோடுவது தேவையாகின்றது. ஏனெனில், இவை ஒரு நாடகத்தைப் பற்றிய கூற்றுகள் மட்டும் அல்ல. துன்புற்ற ஒரு குழந்தை நாளை ஒருவர்முன் வந்து நிற்குமாயின், அவர் அதற்கு என்ன விடை கூறுவார் என்பதற்கும் இவையே முன்னறிவிப்புகள் ஆகும்.

முதலாமவர் கூற்றை எடுத்துக்கொள்வோர், அந்நாடகம் எதைக் காட்டிற்று, எதைக் காட்டவில்லை என்பதை முதற்கண் நோக்கவேண்டும். தந்தை அழைக்கின்றான். சிறுவன் செல்கின்றான். கதவு மூடப்படுகின்றது. படக்கருவி உள்ளே நுழையவில்லை. மூடிய கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றது. கொடுமை கண்ணுக்குக் காட்டப்படவில்லை, கருத்துக்கு உணர்த்தப்படுகின்றது. இழிந்த நோக்குடையோன் ஒருவன் இக்கதையை எடுத்திருப்பின், அக்கதவைத் திறந்து காட்டிக் காசு பண்ணியிருப்பான். இவர்களோ அக்கதவை மூடிவைத்தே அதன் பின்னுள்ளதை மறக்கவொண்ணாதபடி செய்தனர். ஆகவே, இருளைக் காட்டினர் என்று இவர்களைக் குறைகூறுவது பொருந்தாது. இருள் இருக்கின்றது என்று மட்டுமே இவர்கள் கூறினர்.

அன்றியும், அப்பகுதியில் உள்ளத்தை அறுக்கும் காட்சி அக்கதவு மட்டுமன்று. அன்று இரவு அவ்வீட்டில் விருந்து நடைபெறுகின்றது. கற்றோரும் பெருங்குடியினரும் சுற்றி அமர்ந்து உண்கின்றனர். நுண்ணிய நகைமொழிகள் பேசுகின்றனர். சிறுவன் மாடிப்படியில் தனியே அமர்ந்திருக்கின்றான். விருந்தினருள் ஒருத்தி அவனைக் காண்கின்றாள். அவன் தன் தாயைத் தேடுகின்றான். அவள் திரும்பிவந்து தாயிடம் சொல்கின்றாள். தாய் எழுகின்றாள். தந்தை வேண்டாவென்று தடுக்கின்றான். தாய் மீண்டும் அமர்ந்துவிடுகின்றாள். விருந்து தொடர்கின்றது.

இவ்விருந்தே அந்நாடகத்தின் நெஞ்சு. அம்மேசையைச் சூழ்ந்தோருள் எவரும் அக்கொடுமையைச் செய்தவர் அல்லர். ஆயின் அவ்வீட்டில் ஏதோ முறைகேடு உள்ளதென்பதை உணராதவரும் அவருள் அரியர். உணர்ந்தும் ஏன் வாளாவிருந்தனர்? விருந்தின் இனிமை கெட்டுவிடும் என்பதனால். தந்தையின் நாவுக்கு அஞ்சியதனால். அடுத்தவர் வீட்டுச் செய்தி தமக்கெதற்கு என்று ஒதுங்கியதனால். மயக்கப் பொருளின் மீது அச்சிறுவனைத் தள்ளியது தந்தையின் கை மட்டுமன்று. கண்டும் காணாதிருந்த அத்தனை கண்களும் அவனைத் தள்ளின.

இனி, ‘இத்துணை இருளை ஏன் காட்டவேண்டும், மாலைப்பொழுதின் இனிமை கெடுகின்றதே’ என்று கூறும் காண்போன், எங்கே அமர்ந்திருக்கின்றான் என்று எண்ணுக. அவன் அவ்விருந்து மேசையில் தனக்கும் ஓர் இருக்கை இட்டுக்கொண்டு அமர்ந்திருக்கின்றான். அவ்விருந்தினர் எக்கரணியத்தால் எழாமல் இருந்தனரோ, அக்கரணியமே இவனையும் விசையை அழுத்தச் செய்கின்றது. அவலத்தைக் கூறுவதனாலேயே ஒரு படைப்பு தாழ்ந்ததாகிவிடும் எனின், கோவலன் கொலையுண்டதைக் கூறும் சிலப்பதிகாரமும் அப்பழியினின்று தப்பாது. இளங்கோவடிகள் அக்கொலையை மறைத்து இனிய முடிவொன்றைக் கட்டிவைத்திருப்பின், மதுரையில் நிகழ்ந்த முறைகேட்டைக் குறித்து எவர் உள்ளமும் கொதித்திராது.

இரண்டாமவர் கூற்று மேற்போக்காக நோக்குவார்க்கு வலிவுடையது போல் தோன்றும். உழைத்துண்போர் கோடிக்கணக்கினர் வாடுகையில், தாய்வழிச் செல்வத்தில் திளைத்து, ஒலியினும் விரைந்து செல்லும் வானூர்தியில் பறந்து, ஓரிரவில் பல்லாயிரம் பணத்தை நஞ்சுக்கு இறைப்பவனுக்காக ஏன் இரங்கவேண்டும் என்பது அவர்தம் வினா. ஏழ்மையை நேரில் கண்டோர்க்கு இவ்வெரிச்சல் எழுவது இயல்பே. அதை இகழ்தல் தகாது. ஆயினும், எரிச்சல் இயல்பானது என்பதனால் முடிவும் முறையானது என்றாகிவிடாது.

இதற்கு விடை தேடத் தமிழர் பிறர் நூலகத்துக்குச் செல்லவேண்டுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன்களாக நான்கைக் கூறுகின்றார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு. உற்றாரையும் உரியவற்றையும் இழத்தல் இழவு. இருந்த நிலை கெட்டுத் தளர்தல் அசைவு. துய்க்கவேண்டுவதைத் துய்க்கப்பெறாத ஏக்கம் வறுமை. இந்நான்கினுள் பொருளின்மையோடு நெருங்கியது வறுமை ஒன்றே. அதனையும் உரையாசிரியர்கள் வெறும் காசில்லாமை என்று கொண்டிலர். நுகரப்பெறாத உள்ளத்தின் ஏக்கம் என்றே கொண்டனர். அவ்வாறாயின், பெற்ற தந்தையாலேயே இழிவுறுத்தப்பட்ட சிறுவனுக்கு இளிவு இல்லையா? தாயும் தந்தையும் உயிரோடிருக்கவே இருவரையும் இழந்தவனுக்கு இழவு இல்லையா? அகவை ஐந்தில் சிதைந்தவனுக்கு அசைவு இல்லையா? அன்பை நுகரப்பெறாது ஏங்கியவனுக்கு வறுமை இல்லையா? நான்கும் ஒருங்கே உள்ளவனைப் பார்த்து, ‘உன் வீட்டில் பொன் இருக்கின்றதே’ என்று கூறுவது, புண்பட்டவனைப் பார்த்து அவன் உடுத்தியுள்ள துணியின் விலையைக் கேட்பது போன்றதாகும்.

புதுநூலாரின் ஆராய்ச்சியும் இதற்கு மாறுபடவில்லை. 1998ஆம் ஆண்டில் வின்சென்ட்டு பெலிட்டி, இராபர்ட்டு ஆண்டா முதலிய அமெரிக்க மருத்துவர்கள் 9,508 பேரை உசாவி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். குழந்தைப் பருவத்தில் உடல்வதை, பாலியல் வன்கொடுமை, வீட்டில் குடியர் இருத்தல், தாய் அடிக்கப்படுதல் போன்ற கொடுமைகளுள் எத்தனை வகை நேர்ந்தன என்று அவர்கள் கேட்டனர். நான்கும் அதற்கு மேற்பட்ட வகைகளும் நேர்ந்தோர்க்கு, ஒன்றும் நேராதோரைக் காட்டிலும், குடிக்கு அடிமையாதல், மயக்கப் பொருள் நாடுதல், உளச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான இடர் 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது. உசாவப்பட்டவர் யாவர்? சேரிகளில் கிடந்து உழன்றோர் அல்லர். மருத்துவக் காப்பீடு உடைய, பெரும்பாலும் கல்வி கற்ற நடுத்தட்டு மக்களே. வீட்டுக்குள் நிகழும் கொடுமை வாயிலில் நின்று செல்வத்தைக் கணக்கிட்டுவிட்டு நுழைவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மற்றும் ஒன்று: செல்வர் வீட்டுக் கதவு ஏழையின் கதவைக் காட்டிலும் தடிப்பானது. ஏழையின் குடிசையில் எழும் அலறல் பக்கத்துக் குடிசையில் கேட்கும். மாளிகையின் அலறல் தோட்டத்தைத் தாண்டாது. அதற்கும் மேலே, குடிப்பெருமை என்னும் சுவர் வேறு உள்ளது. அந்நாடகம் செல்வனைப் பாராட்டவில்லை. அவ்வகுப்பின் பொய்ம்மையைத் தோலுரித்துக் காட்டுகின்றது. மூன்றாம் பகுதியில் இங்கிலாந்து அரச குடும்பத்துப் பெண்ணொருத்தி வந்திருக்கும் விருந்தில், மேன்மக்கள் எனப்படுவோர் எத்துணைக் கயமையும் வெறுமையும் உடையோர் என்பது எள்ளி நகையாடப்படுகின்றது. ஆகவே, செல்வரை வெறுப்போரும் இந்நாடகத்தை வெறுக்கக் கரணியம் இல்லை.

மூன்றாமவர் கூற்றே கவலைக்குரியது. முதற்பகுதியின் வெறியாட்டத்தை நகைச்சுவையாகவும் நடிப்புத் திறமாகவும் மட்டுமே கண்டு மகிழ்ந்தவர்கள் இவர்கள். புகழ்பெற்ற நடிகர் தரையில் ஊர்வதையும், பல குரல்களில் தன்னொடு தானே பேசுவதையும், உணவு விடுதியில் நிலைகுலைவதையும் கண்டு கைதட்டினர். இதில் காண்போர் மட்டுமே தவறினர் என்று கூறிவிட முடியாது. அப்பகுதியின் விரைவும் ஒளியும் இசையும் மயக்கத்துக்கு ஒரு மினுக்கைக் கொடுத்துள்ளன என்பதை ஒப்பத்தான் வேண்டும். இரண்டாம் பகுதியைக் காணாது முதற்பகுதியோடு நின்றுவிட்ட இளைஞன் ஒருவன், இதனை வீரக் களியாட்டம் என்று தவறாகக் கொள்ளவும் கூடும்.

எரோயினின் வரலாறே இவ்வாறு தவறாகக் கொள்ளப்பட்ட வரலாறுதான். அபினியிலிருந்து பெறப்படும் மார்பினைக் கொண்டு 1874ஆம் ஆண்டில் இலண்டனில் ஆல்டர் இரைட்டு என்னும் வேதியியலறிஞர் அதனை முதன்முதலாக ஆக்கினார். 1898ஆம் ஆண்டில் செருமனியின் பேயர் நிறுவனம் அதனை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொணர்ந்தது. வீறு என்னும் பொருள் தரும் சொல்லை அடியாகக் கொண்டு அதற்குப் பெயரிட்டனர் என்பர். வீறு தருவதாகப் பெயர் சூடிய அப்பொருளே, மூளையில் நோவை அடக்கும் வாயில்களைப் பற்றிக்கொண்டு, சிறிது பொழுது எல்லா நோவையும் மறக்கச் செய்து, பின்னர் தான் இல்லாமையையே பெருநோவாக்கி மாந்தனை மண்டியிட வைக்கின்றது. மருந்து என்று வந்தது நோயாயிற்று. உள்ளப் புண் உடையவனை அது எளிதில் பற்றுவதற்குரிய கரணியமும் இதுவே. மற்றவன் இன்பம் தேடி அதனிடம் செல்லக்கூடும். புண்பட்டவன் நோவின்மை தேடிச் செல்கின்றான். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் நெறியில் நிற்போர், குடியையும் மயக்கப் பொருளையும் கடிவது முறையே. ஆயின் கடிவோர், பொருளைக் கடிவதோடு நின்றுவிடாது, அதனை நாடச் செய்த புண்ணையும் தேடவேண்டும். ஊசியைப் பிடுங்கி எறிந்தால் மட்டும் போதாது என்பதை இந்நாடகத்தின் நான்காம் பகுதி காட்டுகின்றது. ஊசியை விட்டவன், வழக்குரைஞனாகி, மனைவி மக்களோடு வாழ்ந்தும், மதுப்புட்டியைப் பற்றிக்கொள்கின்றான். பொருள் மாறிற்று, புண் மாறவில்லை.

காட்டுவதில் எல்லை வேண்டும் என்போரின் கவலையும் வெறுங்கவலையன்று. 2017ஆம் ஆண்டில் நெட்பிளிக்சு நிறுவனம் வெளியிட்ட ‘பதின்மூன்று கரணியங்கள்’ என்று பொருள்படும் பெயருடைய அமெரிக்கத் தொடர், ஒரு பள்ளிச் சிறுமியின் தற்கொலையை விளக்கமாகவே காட்டிற்று. மருத்துவரும் பெற்றோரும் கண்டித்தனர். ஈராண்டு கழித்து, 2019ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அக்காட்சியை அந்நிறுவனமே நீக்கிவிட்டது. இரண்டையும் ஒப்பிட்டு நோக்கின் முறை எது என்பது தெளிவாகும். இளையோர் துயரை எடுத்துரைத்தது அத்தொடரின் குற்றமன்று. மறைக்கவேண்டிய செய்கையைத் திறந்துகாட்டியதே குற்றம். மெல்ரோசு நாடகமோ மறைக்க வேண்டுவதைக் கதவுக்குப் பின் வைத்தது. உரைக்க வேண்டுவதை உரைத்தது. எனவே, இருண்டதை எடுக்கலாமா என்று வினவுவதைக் காட்டிலும், எவ்வாறு எடுப்பது என்று வினவுவதே பொருளுடையது.

நான்காமவர், தம் வாழ்வையே அந்நாடகத்தில் கண்டவர்கள். இவருள்ளும் இருதிறத்தார் உண்டு. ‘எனக்கு நேர்ந்ததற்குச் சொல் கிடைத்தது’ என்று கண்ணீரோடு நன்றி உரைப்போர் ஒருதிறத்தார். ‘இதனைக் காண என்னால் ஆகாது’ என்று எழுந்து போவோர் மற்றொரு திறத்தார். இவ்வெழுந்து போதலையும், முதலாமவர் முகந்திருப்பியதையும் ஒன்றாகக் கருதுதல் பெரும்பிழை. ஆறாத புண் மீது கைபடும்பொழுது உடல் தானே பின்வாங்கும், அது கோழைமையன்று. அவர்கள் காணவேண்டுவதில்லை, அவர்கள் ஏற்கெனவே கண்டவர்கள். அவரை வற்புறுத்தி அமர்த்துவதும் ஒரு வன்முறையே. காணும் கடன் காணாதவர்க்கே உரியது. புண்பட்டவன் திரும்பிக்கொள்ளலாம்; புண்படாதவன் திரும்பிக்கொள்ளும்பொழுதுதான் மூடிய கதவு இன்னும் இறுக மூடிக்கொள்கின்றது.

சொல் கிடைத்தது என்னும் கூற்றைச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். அந்நாடகத்தின் மூன்றாம் பகுதியில், மயக்கப் பொருளை விட்டுத் தெளிந்த நிலையில், அவன் தன் நண்பனிடம் தனக்கு நேர்ந்ததை முதன்முதலாக வாய்திறந்து சொல்கின்றான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேலாக உள்ளேயே கிடந்த சொல் வெளிவருகின்றது. அதுவரை அவன் பேசாதவன் அல்லன், ஓயாது பேசியவன். எள்ளலும் நகையும் பொருந்த, கேட்போர் வியக்கப் பேசியவன். அப்பேச்செல்லாம் அவ்வொரு சொல்லைச் சொல்லாதிருப்பதற்காகப் பேசிய பேச்சு. அச்சொல்லைச் சொன்ன பின்னரே அவன் வாழ்வு திரும்பத் தொடங்குகின்றது. உடனே நலம் பெற்றுவிட்டான் என்று அந்நாடகம் பொய் கூறவில்லை; மீண்டும் வீழ்கின்றான். ஆயினும் வீழ்ந்தவன் இம்முறை எழும் வழியை அறிந்திருக்கின்றான்.

சொல்லின் ஆற்றல் இது. மொழியைப் பேணுவோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெயரில்லாத கொடுமை, நிகழாத கொடுமையாகவே எண்ணப்படும். ‘கண்டிப்பு’ என்றும் ‘குடும்பச் செய்தி’ என்றும் ‘செல்லம்’ என்றும் மங்கல மொழியால் போர்த்தப்படும்வரை, கொடியவன் துணிவோடு நடமாடுவான். ‘கெட்டவன் தொட்டான்’ என்று தன் தாய்மொழியில் தெளிவாகச் சொல்லக் குழந்தைக்குக் கற்பிப்பதும், அது சொல்லும்பொழுது வாய்பொத்தாது கேட்பதும், எக்காவலினும் பெரிய காவல். சொல்லை மறைப்பது நாகரிகம் என்று கருதும் குமுகாயம், அந்நாகரிகத்தின் விலையைக் குழந்தைகளின் உடலிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றது.

இறுதியாக ஒரு தடை எழுப்பப்படலாம். குழந்தைப் பருவத்துப் புண்ணையே கரணியமாகக் காட்டிக் குடியனையும் வெறியனையும் குற்றத்திலிருந்து விடுவிப்பதா என்பது அத்தடை. அந்நாடகம் அவ்வாறு விடுவிக்கவில்லை. நான்காம் பகுதியில் அவன் தன் மனைவியைத் துன்புறுத்துகின்றான். அவன் குடியும் கசப்பும் மக்கள்மேல் நிழலாக விழுகின்றன. தந்தையைப் போல் ஆகிவிடுவேனோ என்பதே அவனுடைய பேரச்சம். தந்தையும் தன் இளமையில் கொடுமைப்பட்டவனாகவே கூறப்படுகின்றான். புண்பட்டதே கரணியம் என்று தந்தையை மன்னித்தால் மகனின் நோவுக்குப் பொருளில்லை. கரணியமே இல்லை என்றால் மகனை அறிந்துகொள்ள வழியில்லை. இரண்டுக்கும் இடையில் ஓர் ஒற்றையடிப் பாதை உள்ளது. பட்டது தன் பிழையன்று. பட்டதைப் பிறர்க்குக் கையளிப்பது தன் பிழை. அதனை உணர்ந்தவனாய், தன்னோடு இக்கொடுமை நிற்கட்டும், தன் மக்களுக்கு இறங்கவேண்டா என்று அவன் முயல்கின்றான். அம்முயற்சியே அவனை மாந்தனாக்குகின்றது. முடிவில் அவன் தனிமையை விட்டுத் தன் மனைவி மக்களை நாடுகின்றான். வெற்றி முழக்கம் இல்லை, பறை இல்லை. ஒருவன் சாவின் பக்கமிருந்து வாழ்வின் பக்கமாக ஓரடி எடுத்து வைக்கின்றான், அவ்வளவே. அவ்வோரடிக்கு ஐந்து பகுதிகள் தேவைப்பட்டன. எழுதியவர்க்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

நடிப்போன் உற்றது காண்போனைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்று பண்டை நாடக நூலார் கருதினர். அடைந்தபின் காண்போன் செய்யவேண்டுவது யாது? அழுது கண்ணைத் துடைத்துக்கொண்டு உறங்கப்போவது மட்டுமன்று. அந்நாடகத்தில் மாடிப்படியில் அமர்ந்திருந்த சிறுவன் புனைவில் உள்ளவன். அவனுக்கு இனி எவரும் உதவ முடியாது. ஆனால் அவனைப் போன்றவர்கள் எல்லா நாடுகளிலும் எல்லா ஊர்களிலும் படிகளிலும் திண்ணைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். திடுமெனப் பேச்சடங்கிப் போன குழந்தை. ஓர் உறவினர் வந்தால் ஒளிந்துகொள்ளும் குழந்தை. கரணியம் கூறாது படிப்பில் பின்தங்கிய குழந்தை. பதினாறில் புட்டியையும் ஊசியையும் நாடிப் போய்விட்ட இளைஞன். இவர்களைக் கண்டவர் என் செய்கின்றனர் என்பதில்தான் அந்நாடகத்தைக் கண்டதன் பயன் உள்ளது.

அன்று அவ்விருந்தில் ஒருவர் எழுந்திருந்தால் போதும். தந்தையின் சொல்லை மீறி, மேசையை விட்டு எழுந்து, படியேறிச் சென்று, அச்சிறுவன் அருகில் அமர்ந்து, ‘என்ன நேர்ந்தது, சொல்’ என்று கேட்டிருந்தால் போதும். ஊசியும் சாம்பலும் இருபது ஆண்டு இருளும் இல்லாமற் போயிருக்கக்கூடும். எழுந்திருக்கவேண்டிய ஒருவர் எழவில்லை. எழாத அவ்விருக்கை இன்னும் வெறுமையாகவே உள்ளது. இருண்ட நாடகத்தைக் கண்டு முகந்திருப்புவோர், அவ்விருக்கையில் தாம் அமர்கின்றோமா, அன்றி அதிலிருந்து எழுகின்றோமா என்று தம்மைத் தாமே வினவிக் கொள்க. மூடிய கதவு தானே திறவாது. வெளியில் நிற்பவன் தட்டினாலன்றி உள்ளிருக்கும் குழந்தைக்கு விடிவில்லை.